நாக்குக்கு அடியில்

டாக்டர் மாத்திரையைப் பிரித்து, நாக்குக்கு அடியில் வைக்கும்படி இந்தியில் சொன்னபோது நெஞ்சுவலியோடு ஹட் பே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த காத்தமுத்து மனைவி சொர்ணம்மாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். சொல்லிவிடாதே என்றது அந்தப் பிடி.

சொர்ணம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். சர்க்கரை வியாதி அவருடைய ஆண்மையை மெல்ல மெல்லத் தின்றிருந்தது. அப்படிப்பட்டவர்களுக்காக மெயின்லேண்ட் டாக்டர்கள் போர்ட் பிளேரில் ஓர் ஆராய்ச்சி நடத்தினார்கள். புது மாத்திரை. ஹட் பேயில் எல்லோரிடமும் கண்ணைக் காட்டப் போவதாகச் சொல்லிவிட்டு இருவரும் கப்பலேறிப் போய்வந்தார்கள். அங்கிருந்த டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்.

"நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை இதோட சேரவே கூடாது. பிரஷர் படுத்துடும். உசுருக்கே ஆபத்து."

நேற்றும் அவர் அந்தப் புது மாத்திரையைப் போட்டிருந்தார்.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் அழகையா நின்றான். இவன் காதில் விழுந்தால் அவர் எப்படி இவன் முகத்தில் விழிப்பார்? டாக்டரின் விரல்கள் வாயருகே போய்விட்டன.

"ருக்கியே சாப்!"

நிறுத்தச் சொல்லிக் கத்திவிட்டாள். எல்லாவற்றையும் உடைந்த இந்தியில் சொல்லி முடித்தாள். தமிழில் சொல்லியிருந்தால் அழகையாவுக்கு மட்டும் புரிந்திருக்கும். இப்போது வார்டு முழுக்கப் புரிந்துவிட்டது.

டாக்டர் கையை இழுத்துக்கொண்டார். ஊசி போட்டார்கள். போர்ட் பிளேருக்குக் கொண்டுபோக மழையில் ஹெலிகாப்டர் வரவில்லை. காத்தமுத்து அவள் மணிக்கட்டை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். உயிர் போகும்வரை திரும்பவே இல்லை.

"அந்த மாத்திரையாலயா சாப்?" என்று இந்தியில் கேட்டாள்.

இதயம் முன்பே கெட்டிருந்தது, இங்கே வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பும்வரை அழகையா அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பார்வை தன் பக்கம் வரும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குளித்த ஈரத்தலையோடு அவன் நேரே தன்னிடம் வந்தபோது, சுவரோடு ஒண்டிக்கொண்டாள்.

"மதினி."

"என்ன தம்பி?"

அவன் திரும்பிப் பார்த்தான். கிணற்றடியில் அவன் மனைவி பானு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தினான்.

"அந்த டாக்டரம்மா... போர்ட் பிளேர்ல என்னிக்கு வருவாங்க?"

சொர்ணம்மா அவனையே பார்த்தாள். அவனுக்கும் சர்க்கரை. காலையில் ஊசி போட்டுக்கொள்கிறவன். தலையைக் குனிந்து நின்றான்.

"செவ்வாக்கெழம" என்றாள். பிறகு, அவன் முழங்கையைப் பற்றினாள். "நெஞ்சு வலிச்சா அந்த மாத்திரை போட்டிருக்கேன்னு சொல்லிரணும் தம்பி. யாரு பக்கத்துல நின்னாலும் சொல்லிரணும்."

"ம்."

பானு சாப்பிடக் கூப்பிட்டாள். அவள் முகத்தில் விழிக்கக் கூசி அவன் போகவில்லை. பந்தல் தார்ப்பாயில் மழைநீர் தேங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பை எடுத்து அடியிலிருந்து தூக்கினான். தண்ணீர் மொத்தமாக வாசலில் கொட்டியது. பானு நிமிர்ந்து பார்த்தாள்.