வெயிலில் காயவைத்த எஞ்சின்

பளீல் சேரின் தோணி எஞ்சின் தண்ணீர் சொட்டச் சொட்ட ஆட்டோவில் வந்து இறங்கியபோது றிம்சானுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. இந்த மனிசன் தன் கையில் வந்து விழவேண்டும் என்றுதானே ஐந்து வருஷமாகக் காத்துக்கிடந்தான்!

சுனாமி அவனுடைய அக்கா ஹாஜறா ராத்தாவின் வீட்டை வழித்துக்கொண்டு போனது. மிஞ்சியது மச்சானின் தோணி எஞ்சின் ஒன்றுதான், அதுவும் கடல்தண்ணீர் தேங்கிய குழிக்குள். அப்போது றிம்சான் தொழிற்பயிற்சி நிலையத்தில் பளீல் சேரிடம் படித்துக்கொண்டிருந்தான். கடலில் மூழ்கிய எஞ்சினை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்த பிறகே கழற்றவேண்டும் என்பது சேரின் பாடம். எழுத்துப் பிசகாமல் அப்படியே செய்தான். கழற்றிப் பார்த்தால், பிஸ்டன் துருப்பிடித்து இறுகிப்போய்க் கிடந்தது. பிழை எங்கே என்று கேட்கப் போனவனை முழு வகுப்புக்கும் முன்னால் சேர் பார்த்த பார்வை இருக்கிறதே!

"உன்ட கைக்கு மம்பட்டிதான் சரி."

வகுப்பே சிரித்தது. மச்சான் கட்டாருக்குக் கல் சுமக்கப் போனான்.

படிப்பை விட்டுவிட்டு சாய்ந்தமருதில் பதியுதீனும் சாமித்தம்பியும் நடத்திய எஞ்சின் கராஜில் சேர்ந்தான். முதல் கிழமையே கடலில் விழுந்த எஞ்சின் ஒன்று வந்தது. பழக்கதோஷத்தில் அதை வெயிலுக்குத் தூக்கினான். இரண்டு பேரும் ஓடிவந்து பறித்து, நல்ல தண்ணீர் நிரம்பிய டிரம்முக்குள் அமுக்கினார்கள். காற்றுப் பட்டால்தான் உப்பு இரும்பைத் தின்னும், கழற்றக் கை ஒழியும்வரை மூழ்கியே கிடக்கட்டும் என்றான் பதியுதீன். ராத்தாவின் எஞ்சினைக் கொன்றது யார் என்று றிம்சானுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

யுத்தம் முடிந்து, கடலுக்குப் போக இருந்த தடை எடுபட்டதும், ஓய்வுபெற்றிருந்த சேர் தோணி வாங்கினார். கரையேறும்போது அது அலையில் கவிழ்ந்தது. எஞ்சின் கராஜுக்கு வந்த அன்று பதியுதீனும் சாமித்தம்பியும் பாலமுனைக்கு இரண்டு நாள் வேலைக்குப் போயிருந்தார்கள். டிரம் நாலு எட்டுத் தூரத்தில் நிரம்பி நின்றது.

என்ன செய்வம் என்று றிம்சான் மரியாதையாகக் கேட்டான். சேருக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. வெயிலில் வை தம்பி, நல்லாக் காயட்டும் என்றார்.

வைத்தான். நிழல் விழ விழ நகர்த்தி நகர்த்தி வைத்தான். இரண்டு நாள் அவன் சோறு ருசியாகத் தின்றான்.

மூன்றாம் நாள் சேர் வந்து பக்கத்தில் நிற்க, பதியுதீன் கழற்றினான். உள்ளே ஒரே துரு.

"நீங்க படிப்பிச்ச மாதிரித்தான் செஞ்சன் சேர்," என்றான் றிம்சான். "மம்பட்டிக்காரன மறந்துட்டீங்களா?"

சேர் துருவை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது பிழையெண்டு உனக்கு எப்ப இருந்து தெரியும்?"

"நாலு வருஷமா."

"அதுக்குப் பொறகும் நான் எத்தினை புள்ளைகளுக்கு இதப் படிப்பிச்சிருக்கன். ஒரு நாள் வந்து சொல்லியிருக்கலாமே வாப்பா."

கராஜின் பின்புறம் இறுகிப்போன எஞ்சின்கள் குவிந்து கிடந்தன. அந்தப் பிள்ளைகள் காயவைத்துக் கெடுத்துக் கொண்டுவந்தவைதான் பாதி. ஒவ்வொன்றையும் கழற்றும்போது, சேரின் பிழைக்கு இன்னொரு சாட்சி என்று றிம்சான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருக்கிறான்.

பதியுதீன் அவன் கையிலிருந்த ஸ்பானரை வாங்கிக்கொண்டான்.

"அவர் தெரியாமக் கெடுத்தாரு. நீ தெரிஞ்சு கெடுத்திருக்காய். இனி இஞ்ச வராத."

பொழுது சாயுமுன்பே வீட்டுக்கு வந்தவனிடம் ஹாஜறா என்ன நடந்தது என்று கேட்டாள். உன் எஞ்சினுக்குப் பழி வாங்கிவிட்டேன் ராத்தா என்று சொல்ல எத்தனை நாள் காத்திருந்தான்! உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.