வழியனுப்ப வந்த குவளை

மாவாலைக் கல்லை ஏற்றியதும் வண்டியின் பின்பக்கம் ஒரு சாண் இறங்கியது. கனெக்டிகட் முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு கல் கிடைக்காது என்பான் லெமுவேல். வழியனுப்ப வந்த ஒபதியா கையில் தன் ஈயக் குவளையோடு நின்றான். யார் வீட்டு ஆப்பிள் சைடராக இருந்தாலும் சொந்தக் குவளையில் குடித்தால்தான் அவனுக்கு இறங்கும்.

“எங்கதான்டா போற? இப்பவாவது வாயத் தொறயேன்.”

“உனக்குக் காட்டத்தான் வச்சிருந்தேன்.” லெமுவேல் சட்டைக்குள்ளிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து வண்டிப் பலகையில் விரித்தான். “மேற்க ஒஹையோவுல முன்னூறு ஏக்கர். ஆலையை வித்த காசு மொத்தமும் இதுல. நிலம் விக்கிற கம்பெனிக்காரன் நாலு படம் காட்டினான். இதுல மட்டும்தான் உன் கையெழுத்து. மறுபேச்சே பேசல நான்.”

ஒபதியா குனிந்து பார்த்தான். அவன் வரைந்த படமேதான்.

அவன் நில அளவைக்காரன்தான். சங்கிலி, திசைகாட்டி எல்லாம் உண்டு. ஆனால் மேற்கே அவன் போன அதிகபட்சத் தூரம் மாமியார் வீடு. அதற்கு மேல் ஆபத்தை அவன் தேடிப் போனதில்லை. போன பனிக்காலத்தில் சத்திரத்துக் கணப்பருகே சாய்ந்துகொண்டு, பார்க்காத நிலத்தை ஆறு டாலருக்கு அளந்து கொடுத்தான். பட்டணத்துப் பணக்காரர்கள் ஒருவருக்கொருவர் விற்று விளையாடும் காகிதம், எவன் போய்ப் பார்க்கப்போகிறான்? படத்தில் எல்லைக்கு ஒரு ஓக் மரத்தை நட்டான். கைதவறிச் சிந்திய சைடரைக்கூட வீணாக்காமல், சுற்றிலும் மை இழுத்து ஓடையாக்கினான். அன்று இரவெல்லாம் அதை நினைத்துச் சிரித்தான்.

லெமுவேலின் விரல் அந்த ஓடையில் வந்து நின்றது. “இங்கதான் ஆலைச் சக்கரம். இந்தக் குளத்துல தண்ணியத் தேக்கிடுவேன்.”

“லெமுவேலு, அது ஓடை இல்லடா. நான் கொட்டின சைடர். அந்தப் பக்கம் நான் போனதே இல்ல.”

லெமுவேல் கண்ணில் நீர் வரச் சிரித்தான். மூட்டைகளின் மேலிருந்த நான்கு பிள்ளைகளும் சேர்ந்துகொண்டன.

“கெளம்புற நேரத்துலயும் குசும்பு போகல பாரு!”

“சத்தியமாடா.”

“எங்க மாடு பேசுதுன்னு சத்தியம் பண்ணினவன்தானே நீ? இருபது வருஷமா உன் வாயி என்னை ஏமாத்திருக்கு. உன் கையெழுத்து ஒருநாளும் ஏமாத்தினதில்லடா.”

ஒபதியா படத்தின் மூலையிலிருந்த தன் கையெழுத்தைப் பார்த்தான்.

லெமுவேலின் மனைவி கெசியா மட்டும் சிரிக்கவில்லை. ஒபதியாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் வண்டியிலிருந்து இறங்கினாள்.

“அண்ணே, அதக் கொஞ்சம் குடுங்க.”

அவன் கையிலிருந்த குவளையை வாங்கி, மிச்சத்தைத் தரையில் கவிழ்த்தாள். பாவாடை நுனியால் அடிப்பக்கத்தைத் துடைத்தாள். பிறகு படத்தில் ஓடை போய்ச் சேரும் வட்டக் குளத்தின் மேல் மெதுவாக வைத்தாள்.

சுற்றிலும் ஒரு நூல் அளவு தண்ணீர்கூட வெளியே தெரியவில்லை.

பிள்ளைகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தன.