ஆடி ஒன்றும் ஆகஸ்ட் ஒன்றும்

என் அக்கா பொன்னுமணியைப் போடிமெட்டில் தொலைத்தவள் நான்தான். அண்ணன் சோலைமலைக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு. அதை அவன் வாயால் ஒப்புக்கொள்ள வைக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது.

அக்காவுக்கு அப்போது முப்பத்து நாலு வயது. எண்ணத் தெரியாது, கிழமை தெரியாது. ஒரு விஷயத்தை நாலு தரம் சொன்னால் பிடித்துக்கொள்வாள், பிடித்ததை விடமாட்டாள். புது இடம் என்றால் மட்டும் நடுங்கிப் போவாள். ராசிங்காபுரத்தில் எங்கள் அம்மாதான் அவளைக் கூடவே வைத்திருந்தாள். எழுபத்தெட்டாம் வருஷம், ஆனி பிறந்த மறுநாள், அம்மா போய்ச் சேர்ந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். வயதான தாய் தகப்பனுக்குப் பிள்ளைகள் முறைவைத்துச் சோறு போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதே முறையை அக்காவுக்கும் வைத்தார்கள். இந்த மாதம் முடிய என் வீடு, மாதம் பிறந்ததும் மலையில் எஸ்டேட் வேலை பார்க்கும் அண்ணன் வீடு, பிறகு மறுபடி என் வீடு. மலை உச்சியில், போடிமெட்டில், ஜீப் நிற்கும் இடத்தில் அண்ணன் வந்து கூட்டிக்கொள்வான். எல்லாருக்கும் நிம்மதி. அக்கா அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் அதே ஊரில் வாக்கப்பட்டவள். எனக்கு மூன்று பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமியார், காட்டில் வெங்காயம். அக்கா நாள் முழுக்க என் சேலையைப் பிடித்துக்கொண்டே அலைந்தாள். "அம்மா எங்க?" என்று ஒரு நாளைக்கு நாற்பது தரம் கேட்டாள். முதல் பத்துத் தரம் பதில் சொன்னேன், அப்புறம் எரிந்து விழுந்தேன். மாதம் எப்போது பிறக்கும் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆடி ஒன்றாம் தேதி யாரும் ஒரு காரியம் தொடங்க மாட்டார்கள். எனக்கு அதுகூட உறைக்கவில்லை. காலையிலேயே அவளைப் போடிக்குக் கூட்டிப் போய், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் உட்கார வைத்தேன். மெட்டில் அண்ணன் நிற்பான் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். இதைச் சொல்ல இன்றைக்கும் கூசுகிறது.

ஆடி பதினாறு அன்று மத்தியானம் அண்ணன் என் வாசலில் வந்து நின்று கத்தினான்.

"ஒச்சம்மா, ஒனக்கு அறிவிருக்கா? இன்னைக்குத்தான ஒண்ணாந்தேதி? அவளைப் பதினஞ்சு நாளைக்கு முன்னாடியே ஏன் ஏத்தி விட்ட?"

"மாசம் பெறந்ததும் ஏத்தி விட்டேன். ஆடி ஒண்ணு அன்னைக்கு நீ வரலையாண்ணே?"

"ஆடியா? எஸ்டேட்ல எவன் ஆடி பாக்குறான்? ஆகஸ்டு ஒண்ணுன்னு லீவு சொல்லிட்டு வந்தா, அவ எப்பவோ வந்துட்டான்னு சொல்றாங்க!"

எங்கள் கீழ்நாட்டில் மாதம் என்றால் தமிழ் மாதம். விதைப்பும் திருவிழாவும் அதில்தான் ஓடும். மலையில் மாதம் என்றால் சம்பளம் போடுகிற இங்கிலீஷ் மாதம். இரண்டுக்கும் நடுவே கிடந்த பதினைந்து நாளுக்குள் எங்கள் அக்காவைப் போட்டுவிட்டோம். அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"உசுரோட இருக்காளா?"

"இருக்கா. மெட்டுல மருதாயின்னு ஒருத்தி கஞ்சிக்கடை வச்சிருக்கா, அவகிட்ட. கூப்புட்டா வர மாட்டேங்குறா. நீ சொன்னாத்தான் கேப்பா, வெரசா கெளம்பு."

மறுநாள் காலை மெட்டில் இறங்கினோம். மூட்டமும் சாரலுமாக இருந்தது. தகரம் போட்ட கடையில் தோட்டத்து ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அக்கா யாருடையதோ ஒரு பெரிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். "சேச்சி, கொஞ்சம் தொவையலு கொண்டா" என்று ஒருவன் கேட்டான். மலையாளத்தில் அக்காவுக்குச் சேச்சி. எங்கள் ஊரில் அவளை 'மந்தம்' என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைப் பார்த்ததும் அக்கா வாய் நிறையச் சிரித்தாள். பின்னால் அண்ணனைப் பார்த்ததும் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

என் குற்றத்தை யார் தலையிலாவது இறக்க வேண்டியிருந்தது. மருதாயி மேல் பாய்ந்தேன்.

"சம்பளமில்லாத வேலைக்காரி கெடச்சான்னு வச்சுக்கிட்டியா? எங்களுக்கு ஆள் விட்டுச் சொல்லக்கூடாதா?"

மருதாயிக்கு ஐம்பது வயதிருக்கும். அகப்பையைக் கீழே வைக்காமலே பேசினாள்.

"மூணு ஜீப்புக்காரங்ககிட்டச் சொல்லி விட்டேன் தாயி. அண்ணன் பேரு சோலைமலைன்னா. இந்த மலையில எஸ்டேட்டுக்கு நாலு சோலைமலை இருக்கான். ஊரு எதுன்னு கேட்டா 'அம்மா வீடு'ங்கிறா. நான் எங்கன்னு போயித் தேட?"

அவள் விடவில்லை.

"மூணு நாள் அந்த ஜீப்பு நிக்கிற எடத்த விட்டு அசையல. மழையில நனைஞ்சா. பொழுது சாய இழுத்துட்டு வந்து படுக்க வச்சா, விடிஞ்சதும் போயி நிப்பா. நாலாம் நாள் எனக்குக் காய்ச்சல். ஒலையை எறக்க ஆளில்ல, இவதான் எறக்குனா. அன்னையிலருந்து அங்க போகல. வேலைக்காரியாம்! ரெண்டு தரம் உப்பைப் போட்டு ஒரு பானைக் கஞ்சியக் கொட்ட வச்சா. அதுக்கு நான் சம்பளம் வேற குடுக்கணுமா?"

அந்த மூன்று நாளை நினைத்ததும் நான் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அண்ணனுக்கோ வீம்பு.

"நடந்தது போகட்டும். இப்ப என் முறை. கெளம்பு பொன்னு. கூடப்பொறந்தவங்க ரெண்டு பேரு இருக்கையில ஊர்பேர் தெரியாதவ வீட்டுல விட்டா சனம் காறித் துப்பும்" என்று அக்காவின் கையைப் பிடித்து இழுத்தான்.

"ஒலை கொதிக்குது. நான் எப்புடி வர?" என்றாள் அக்கா.

அவள் ஒரு காரணம் சொல்லி நான் கேட்டதே இல்லை. எழுந்து போய் அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன்.

"விடுண்ணே. முறைன்னு நாம வச்சது நம்ம வசதிக்கு." அப்புறம் அவளிடம் கேட்டேன். "அக்கா, நீ எங்க இருக்கப் போற?"

புரியாமல் பார்த்தாள். நாலு தரம் கேட்டேன். நாலாம் தரம் பளிச்சென்று சொன்னாள். "இங்கன. மருதாயிகிட்ட."

"ஒருத்தருக்கொருத்தர் தொணையா இருந்துக்கிருவோம், எனக்கும் யாரு இருக்கா?" என்றாள் மருதாயி. "ஆனா ஒண்ணு. தொலைஞ்சது சனியன்னு போயிறக் கூடாது. நீங்க வந்து வந்து பாக்கணும்."

அண்ணன் வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொண்டுபோய் அவன் முன்னால் நீட்டினாள். வாங்கிக் குடித்தான். இன்னொரு கிண்ணமும் கேட்டு வாங்கிக் குடித்தான்.

அதற்கப்புறம் நாங்கள் தேதியை ஒன்றாக்கவில்லை. அண்ணன் சம்பளம் வாங்கிக்கொண்டு இங்கிலீஷ் ஒன்றாம் தேதி போவான். நான் அரிசியும் வெங்காயமும் சுமந்துகொண்டு தமிழ் ஒன்றாம் தேதி போவேன். பதினைந்து நாளைக்கு ஒருதரம் அவள் வாசலில் எங்களில் ஒருவர் நிற்போம்.

ஆவணி ஒன்றாம் தேதி என் முதல் முறை. பகல் முழுக்க அவளோடு இருந்துவிட்டு மூன்று மணிக்கு ஜீப்பில் ஏறினேன். அக்கா கூடவே வந்தாள். நான் உட்கார்ந்ததும் நேரே டிரைவரிடம் போய் விரலை நீட்டினாள்.

"எந்தங்கச்சி இது. போடியில எறக்கி விட்டுட்டு ஓடிறாத. ஆளு வந்துருச்சான்னு பாத்துட்டுப் போ."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

போடியில் எல்லாரும் இறங்கிப் போன பிறகும் டிரைவர் வண்டியை எடுக்கவில்லை.

"என் வீட்டுக்காரர் வர நேரமாகும்ண்ணே. நீங்க போங்க" என்றேன்.

"இல்லம்மா, வரட்டும்" என்று பீடியைப் பற்றவைத்தான். "காலையில போனா சேச்சி கேக்கும்."