ஷிப்மெண்ட்டில் லேவண்டர்

அந்தச் சின்னப் பாட்டில் கைக்கு வந்த நாளிலிருந்து பூங்குழலிக்குக் கால் தரையில் பாவவில்லை. நல்லூரில் ஒரு பியூட்டி பார்லர்க்காரி நடத்திய ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு ஃபேஷியல் கற்றுக்கொள்ளப் போனவள், அரோமாதெரபி கற்றுக்கொண்டு வந்தாள். பேர்தான் வாயில் நுழையாத பேர்; விஷயம் ரொம்ப எளிது. சூடான தண்ணீரில் இரண்டு சொட்டு லேவண்டர் எண்ணெய். கண்ணை மூடிக்கொண்டு அந்த ஆவியை மெதுவாக மூக்கில் இழுக்க வேண்டும். பார்லரை விட்டு வெளியே வந்தபோது, அவள் பிடரியில் வருஷக்கணக்காகக் குடியிருந்த வலி காலி செய்துகொண்டு போயிருந்தது. இது என் லைனுக்கு வேண்டும் என்று அங்கேயே, செருப்பு மாட்டும்போதே முடிவு கட்டிவிட்டாள்.

லைன் என்றால் மோகன்ராஜின் பனியன் கம்பெனியில் அவள் சூப்பர்வைசராக நின்று பார்த்துக்கொள்ளும் தையல் வரிசை. மிஷின் இரைச்சல் ஒரு பக்கம், பஞ்சுத்தூசி ஒரு பக்கம், கறை எடுக்கும் மருந்தின் நெடி ஒரு பக்கம். சரக்குக் கப்பலேறும் ஷிப்மெண்ட் வாரம் வந்துவிட்டால் ஆளுக்கு ஆள் வள்ளென்று விழுவார்கள். தலைவலி மாத்திரை கொடுப்பதே அவள் உத்தியோகத்தில் பாதியாகியிருந்தது.

முதலாளியிடம் போய்ச் சொன்னாள். மோகன்ராஜ் நல்ல மனுஷர்தான்; ஆனால் எண்ணெய் என்ற சொல்லைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பனியன் கம்பெனிக்குள் பாம்பு வந்தால்கூட அப்படிப் பதறமாட்டார்கள்.

"எண்ணெயா? ஏனுங்க அம்மிணி, வெள்ளைத் துணியில ஒரு சொட்டு பட்டா என்னாகும்னு உங்களுக்கு நான் சொல்லோணுமா?"

"துணிப் பக்கமே வராதுங்ணா. பொறகால நூல் ரூம் சும்மாதான கெடக்குது. டீ டைம்ல பத்து நிமிஷம், அங்க மட்டும்."

விடாமல் அரித்தாள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அல்லவா, மோகன்ராஜும் நகர்ந்தார். ஆனால் சாவியைக் கொடுக்கும்போது ஒன்று சொன்னார். "துணிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னு ஒரு பேச்சு வந்துது, ரூமும் கெடையாது, பத்து நிமிஷமும் கெடையாது. நீங்களும் ஊட்டுலயே இருந்துக்கலாம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

முதல் நாள் உள்ளே போனது ஓவர்லாக் டெய்லர் வேல்விழி. விருதுநகர்ப் பக்கத்துப் பெண். வெளியே வரும்போது முகம் கழுவி விட்டதுபோல இருந்தாள்.

"யக்கா, தலைக்குள்ள ஓடிக்கிட்டிருந்த மிஷினு நின்னு போச்சு."

இதைவிட வேறென்ன விளம்பரம் வேண்டும்? மறுநாள் டீ டம்ளரும் கையுமாக அறை வாசலில் கூட்டம். பூங்குழலிக்குப் பெருமை பிடிபடவில்லை. வீட்டில் சோறு வடிக்கும்போதும் அதே நினைப்புதான்: அடுத்து எலுமிச்சம்புல் எண்ணெய் வாங்கலாமா, யூகலிப்டஸும் சேர்க்கலாமா.

மசியாத ஆள் ஒருத்தர்தான். அயர்ன் மாஸ்டர் பாண்டித்துரை, உசிலம்பட்டிக்காரர். நாளெல்லாம் நீராவிக்குள் நின்று அயர்ன் போடுகிறவர். அவர் வாயிலிருந்து வருவதும் கொதிக்கக் கொதிக்கத்தான் வரும்.

"எங்கூர்ல ஊதுபத்தியக் கொளுத்திச் சாமிக்குக் காட்டுவாய்ங்க. இங்க மனுசனுக்குக் காட்டுறாய்ங்களா?" என்றார், எல்லோரும் கேட்கும்படியாக.

பூங்குழலியும் விடவில்லை. "கழுதைக்குத் தெரியுமுங்களா கற்பூர வாசனை?" என்றாள். லைன் முழுக்கச் சிரித்தது. பாண்டித்துரை சிரிக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் பேக்கிங் பையன்களோடு அவர் கைகலப்புக்கே போய்விட்டபோது, அவள்தான் நடுவில் புகுந்து, "பேசாம வாங்க மாஸ்டர்" என்று அந்த அறைக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்தாள். கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எழுந்தார், போனார். நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமா என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஆடி மாதம் கைக்குழந்தைச் சட்டை ஆர்டர் வந்தது. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு ஒரே கண்டிப்பு: குழந்தைத் துணியில் எந்த வாசமும் இருக்கக் கூடாது. பேக்கிங் பக்கம் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வரக்கூடாது என்று தடை போட்டதே பூங்குழலிதான். அவள் போட்ட சட்டம் அவள் தலையிலேயே வந்து விடியப் போகிறது என்று யாருக்குத் தெரியும்?

பையரின் ஆள் பெங்களூரிலிருந்து சரக்குப் பார்க்க வரும் நாள். காலையில் மோகன்ராஜ் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று ஓர் அட்டைப்பெட்டியைக் கீறினார். அப்படியே நின்றுவிட்டார்.

"அம்மிணி. இங்க வாங்க."

பக்கத்தில் போகுமுன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. லேவண்டர். இன்னொரு பெட்டி, அதிலும் லேவண்டர். அவள் நூல் ரூமுக்கு ஓடினாள். அலமாரியில் பாட்டில் இருந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

"நான் பண்ணலீங்ணா."

"பாட்டில் உங்களுது, ரூம் உங்களுது. நானுங்களா பண்ணேன்?" மோகன்ராஜ் குரலை உயர்த்தவில்லை, அதுதான் அவளைச் சுட்டது. சாவியை அவள் கையிலிருந்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "மத்தியானம் அந்தாளு வந்துருவான். சரக்கு போகலீன்னா, நாளைக்கு நீங்க வர வேண்டாமுங்க."

அழலாம் என்றுதான் படியேறி மொட்டைமாடிக்குப் போனாள். அழ முடியவில்லை. கதவைத் திறந்ததும் ஆடிக்காற்று அவளைப் பின்னால் தள்ளியது, முந்தானையைப் பிடுங்கியது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கிளம்பி வரும் காற்று, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளைப் பேயாகச் சுற்றவைக்கும் காற்று. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். அம்மி பறக்குமென்றால் வாசம் பறக்காதா?

வந்த வேகத்தில் கீழே ஓடினாள். "மிஷினையெல்லாம் நிறுத்துங்க. பெட்டியெல்லாம் மேல வரோணும். கவுறு, கிளிப்பு, என்ன கெடச்சாலும் எடுத்துட்டு வாங்க."

அடுத்து நடந்ததைத் திருவிழா என்று சொன்னால் தப்பில்லை. தூசி ஏறாமலிருக்க மாடி முழுக்கத் தண்ணீர் தெளித்தார்கள். தண்ணீர் டேங்கிலிருந்து கைப்பிடிச் சுவருக்கு, அங்கிருந்து பக்கத்து வீட்டு மாடிக்கு என்று கயிறு கட்டினார்கள். பாலிபேக் உறைகளிலிருந்து உருவிய குட்டிச் சட்டைகள் கயிறு கயிறாக ஏறின. காற்று உள்ளே புகுந்ததும் அத்தனையும் உப்பி, தொட்டிலில் கிடக்கும் பிள்ளைகள்போலக் கையைக் காலை உதைத்துக்கொண்டன. தெருவே மணத்தது. "என்னங்க விசேஷம்?" என்று எதிர் வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். கிளிப்பு கழன்று பறந்த ஒரு சட்டையை வேல்விழி எம்பிப் பிடித்தாள். எல்லோரும் ஹோவென்று கத்தினார்கள். பூங்குழலி கயிற்றுக்குக் கயிறு ஓடி முகர்ந்து பார்த்தாள். இருக்கிறது, குறைகிறது, இன்னும் குறைகிறது. அவளுக்கு வேலை போகப்போகிறது என்பதே கொஞ்ச நேரம் மறந்து போயிற்று. அத்தனை சந்தோஷமாக இருந்தது.

திரும்ப அயர்ன் போட வேண்டுமே என்று அவள் கீழே வந்தபோது, பாய்லருக்குத் தண்ணீர் கொடுக்கும் தொட்டியை யாரும் சொல்லாமலே பாண்டித்துரை தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. அன்றைக்கு அவர் ஒருவரையும் திட்டவுமில்லை.

பெங்களூர்க்காரர் பெட்டியைத் திறந்தார். ஒரு சட்டையை எடுத்து மூக்கருகே வைத்து நிதானமாக இழுத்தார். இன்னொன்று. வேறொரு பெட்டியிலிருந்து இன்னொன்று. கம்பெனியில் மூச்சுவிட்டது அவர் ஒருத்தர்தான்.

"குட்," என்றார். "ஏற்றலாம்."

வண்டி கிளம்பியதும் மோகன்ராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அம்மிணி, வேலைக்கு வாங்க. ஆனா ரூமைப் பூட்டுனது பூட்டுனதுதானுங்க."

பூங்குழலி தலையாட்டினாள். நியாயம்தான் என்று அறிவு சொன்னது, மனசு கேட்கவில்லை.

"மொதலாளி, ரூம அடைக்காதீங்க." பாண்டித்துரை முன்னால் வந்து நின்றார். "ஊத்துனது நாந்தேன்."

தலையைக் குனிந்துகொண்டு மேலே சொன்னார்.

"அன்னைக்கி இந்தம்மா என்னய உள்ள கூட்டிப் போனாகல்ல. அன்னைக்கி வீட்டுக்குப் போயி நான் கத்தல. எப்பவும் எஞ்செருப்புச் சத்தம் கேட்டாலே எம்மக அவ ஆத்தா முந்தானைக்குப் பின்னாடி போயி ஒளிஞ்சுக்கிரும். அன்னைக்கி தானா வந்து எம்மடியில உக்காந்துச்சு. சட்டைய மோந்து மோந்து பாத்துச்சு." நிறுத்தி, வாயைத் துடைத்துக்கொண்டார். "கேலி பேசுன வாயோட வரிசையில வந்து நிக்க வெக்கமா இருந்துச்சு. நாளெல்லாம் ஆவிக்குள்ள நிக்கிறவன், ஆவி பிடிக்க எதுக்கு இன்னொரு ரூமுக்குப் போகணும்னு, ரூம் தொறந்து கெடந்தப்ப பாட்டில எடுத்தாந்து தொட்டியில ஊத்திப்புட்டேன். துணியில ஏறும்னு புத்திக்கு எட்டல."

மோகன்ராஜ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து சாவியை எடுத்துப் பூங்குழலியின் கையில் வைத்தார். "பாட்டிலை உங்க கிட்டயே வெச்சுக்கோங்க. தொட்டிப் பக்கம் வந்துச்சுன்னா நான் மனுஷனா இருக்கமாட்டேன்."

கூட்டம் கலைந்தது. பாண்டித்துரை அவளிடம் வந்து மெல்லச் சொன்னார்: "கழுதைக்கும் தெரிஞ்சு போச்சு சூப்பர்வைசரம்மா."

அன்றைக்கு லைனோடு சேர்ந்து சிரித்தது நினைவுக்கு வந்து அவளுக்கு முகம் சுண்டியது. நூல் ரூமைத் திறந்து காலிப் பாட்டிலை எடுத்து வந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"மூடியைத் தொறந்து பாப்பாகிட்டக் குடுங்க மாஸ்டர். வாசம் இன்னும் இருக்குது. நாளைக்கு மொத ஆளா நீங்கதான் உள்ள வரோணும்."

அவர் பாட்டிலைச் சட்டைப்பையில் போட்டு, மேலே கையை வைத்துக்கொண்டு, கம்பெனி வேனுக்குக்கூடக் காத்திராமல் வீட்டைப் பார்த்து நடந்தார்.