மூன்றாவது சிட்டம்

கம்பளி நூலில் பின்னிய சுற்றை மறுபடியும் பிரித்தாள் நேஷ்கா. ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு வெளியே கிடந்த மரப்பெஞ்சில் உட்கார்ந்து, விடிந்ததிலிருந்து அவளுக்கு இதே பிழைப்பு. பின்னுவாள், பார்ப்பாள், பிடிக்காமல் பிரித்துவிடுவாள். உள்ளே அவளுடைய அக்கா வீதா படுத்திருந்தாள். ஸ்லோவேனியாவிலிருந்து சவ வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருந்த தோமாஷ், பெட்டியை இறக்கி உள்ளே வைத்துவிட்டு வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றான்.

“இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்மா?”

“முடிஞ்சதும் சொல்றேன்.”

“பெட்டிய மூடித் தகடு பத்தவைக்கிற ஆளு வந்து உக்காந்திருக்காரு. எல்லை தாண்டிப் போற பெட்டிம்மா. ஒரு தடவ மூடிட்டா மூடினதுதான். அப்புறம் உங்க ஊர் மாரிபோர்ல போயி, இதப் போட மறந்துட்டேன், அதப் போட மறந்துட்டேன்னா யாரும் திறக்க மாட்டாங்க.”

“தெரியும்பா. தெரிஞ்சுதானே இப்படிக் கெடந்து அடிச்சுக்கிறேன்.”

தோமாஷ் நல்ல மாதிரி. அவசரப்படுத்தாமல் அடுத்த சிகரெட்டை எடுத்தான்.

நேஷ்காவுக்குப் பக்கத்தில் ஸ்தானா உட்கார்ந்திருந்தாள். மலைமேல் அக்காளும் தங்கையும் தங்கியிருந்த விருந்தினர் வீடு அவளுடையது. நூலும் அவள் வீட்டு ஆட்டினுடையதுதான். மூன்று நாளாகத் தன் வீட்டு வேலையெல்லாம் போட்டது போட்டபடி கிடக்க, நேஷ்காவோடு டாக்டரிடமும் போலீசிடமும் அலைந்துகொண்டிருக்கிறாள். யார் கேட்டார்கள் என்றால் யாரும் கேட்கவில்லை.

“என் தலைத்துணி ஒண்ணு புதுசா இருக்கு, பிரிக்கவே இல்ல. அதச் சுத்திவிட்டுடுவோமே,” என்றாள் ஸ்தானா.

“அவளுக்கு அடுத்தவங்க துணி ஆகாது ஸ்தானா. உயிரோட இருக்கும்போதே ஆகாது.”

கழுத்துதான் விஷயம். முப்பது வயதில் வீதாவுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. கை தேராத டாக்டர் எவனோ, சாக்கு தைப்பதுபோல் தைத்துவிட்டான். காதுக்குக் காது இழுத்த தழும்பு. அன்றிலிருந்து கோடையோ குளிரோ, ஒரு கட்டம்போட்ட துணி இல்லாமல் வீதாவை யாரும் பார்த்ததில்லை. வேலை பார்த்த பள்ளிக்கூடச் சமையலறையில் அடுப்புச் சூட்டில் வெந்தபோதும் அந்தத் துணி கழுத்தில் இருந்தது. முந்தாநாள் அடையாளம் காட்டக் கூப்பிட்டபோது, உள்ளே வெள்ளைத் துணியை விலக்கிய ஆள் கழுத்துவரைக்கும் விலக்கிவிட்டான். அக்கா செத்துப்போனதைவிட அந்த வெறும் கழுத்துதான் நேஷ்காவை நிலைகுலைய வைத்தது. “மூடுங்கய்யா, மொதல்ல மூடுங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில் ஆள் பதறிப்போய் முகத்தையும் சேர்த்து மூடிவிட்டான்.

சரி, அந்தப் பழைய துணி எங்கே போயிற்று என்றால், அது ஸ்தானாவின் அடுப்பில் எரிந்து சாம்பலாகிவிட்டது. போட்டதும் வீதாவேதான்.

இந்தப் பயணத்தில் அவள் தனக்கென்று ஒரு கழுத்துக் கம்பளி பின்ன ஆரம்பித்திருந்தாள். தலைவழியாக மாட்டிக்கொண்டால் கழுத்தைச் சுற்றி வளையமாக நிற்குமே, அது. வாழ்நாளெல்லாம் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் குரோஷா ஊசியில் பின்னிக் கொடுத்தவள், தனக்கென்று ஒரு கைக்குட்டைகூடப் பின்னிக்கொண்டதில்லை. எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த ஊர் நூலை வாங்கி, அந்த ஊரிலேயே ஊசியைக் கையில் எடுத்துவிடுவாள். நேஷ்கா கார் ஓட்டுவாள், வீதா பக்கத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டே வழி சொல்லுவாள், தப்பாகச் சொல்லிவிட்டுத் தங்கையைத் திட்டுவாள்.

ஸ்தானாவிடம் அந்தப் பழுப்பு நூல் மூன்று சிட்டம்தான், அதாவது மூன்று கண்டுதான், இருந்தது. சாயம் ஏற்றாத நூல், ஒரே ஆட்டின் நிறம். வீதா இரண்டை எடுத்துக்கொண்டாள்.

“மூணையும் எடு. பத்தாது,” என்றாள் நேஷ்கா.

“நாப்பது வருஷமாப் பின்னுறேன், எனக்குத் தெரியாதா? உன் வேலையப் பாருடி.”

“பத்தலேன்னா இந்த மலைக்குத் திரும்பவும் வர முடியாது. இந்த ஆடும் நமக்காகக் காத்துக்கிட்டு நிக்காது.”

“வாயக் கழுவு.”

நேஷ்கா மூன்றாவது சிட்டத்தை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். அது தனக்கில்லை என்று அவளுக்குத் தெரியும். தன் அறுபத்து மூன்று வயதில் ஒரே ஒரு தடவை, அக்கா வாயைத் திறந்து தன்னிடம் ஒன்றைக் கேட்க வேண்டும், அதைக் கண்குளிரப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அதுவும் நடந்தது. கடைசி நாள் சாயங்காலம், சாப்பாட்டு மேசையில். கம்பளி முக்கால்வாசிக்கு மேல் ஏறியிருந்தது. வேலை முடிந்தமாதிரிதான் என்று பழைய துணியைக் கழற்றி வீதா அடுப்பில் போட்டுவிட்டு, இரவு அங்கியின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம்தான் நூலைப் பார்த்தாள். கைப்பிடி அளவுதான் மிச்சம்.

“ஏண்டி, அந்தச் சிட்டத்தக் கொஞ்சம் குடேன்.”

“எந்தச் சிட்டம்?”

“நடிக்காத.”

நேஷ்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஸ்தானா வேறு ரொட்டித் தட்டோடு நின்று வேடிக்கை பார்த்தாள். “காலைல எனக்கு முன்னாடி எந்திரிச்சு, காபி போட்டு, கட்டில்ல கொண்டாந்து குடு. அப்புறம் யோசிக்கிறேன்.”

“கொழுப்புடி உனக்கு,” என்று சொல்லிவிட்டு வீதா படுக்கப் போனாள். போகும்போது சிரித்துக்கொண்டுதான் போனாள். அதை நேஷ்கா பார்த்தாள். இந்த மூன்று நாளில் அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

காலையில் காபி வரவில்லை. ரோஷக்காரி, நூலே வேண்டாமென்று படுத்துக் கிடக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு இவளும் வீம்புக்குப் புரண்டு படுத்தாள். வெயில் முகத்தில் அடித்தபிறகுதான் எழுந்துபோய்ப் பக்கத்து அறைக் கதவைத் தட்டினாள். இதயம், என்று டாக்டர் சொன்னார். தூக்கத்திலேயே, என்றார். ஒன்றும் தெரிந்திருக்காது, என்றும் சொன்னார்.

“நீ மூச்சப் பிடிச்சுக்கிட்டுப் பின்னுறே. அதான் இழுத்துக்குது,” என்றாள் பெஞ்சில் பக்கத்திலிருந்த ஸ்தானா.

உண்மைதான். நேஷ்காவின் கை இறுக்கம். வீதா முடிக்காமல் விட்ட கம்பளியில் அவள் கண்ணிகள் தளர்ந்து, விரல் நுழையுமளவுக்கு ஓடின. அதன்மேல் இவள் போடும் சுற்று, கம்பளியின் வாயைச் சுருக்கிவிட்டது. தலைவழியே மாட்டவே முடியாது. அதனால்தான் இத்தனை தடவை பிரித்தாள்.

“அவ எப்படிப் பின்னுவா?”

“பேசிக்கிட்டே. என்னத் திட்டிக்கிட்டே.”

“அப்ப நீயும் திட்டு.”

நேஷ்கா ஸ்தானாவைப் பார்த்தாள். பிறகு ஊசியைக் கண்ணிக்குள் விட்டாள். “நாப்பது வருஷமாப் பின்னுறாளாம்,” என்றாள். “ரெண்டு சிட்டத்துல முடிச்சிருவாளாம். யாரு சொன்னாலும் கேக்க மாட்டா. அம்மா சொன்னாலும் கேக்க மாட்டா, டாக்டர் சொன்னாலும் கேக்க மாட்டா. நெஞ்சு வலிச்சிருக்குமே, ஒரு வார்த்த சொன்னாளா? பக்கத்து ரூம்லதானே கெடந்தேன், பாவி, ஒரு குரல் குடுத்தாளா?” கண்ணீர் ஒருபக்கம் ஓடியது, கை ஒருபக்கம் ஓடியது. கண்ணிகள் தளர்ந்து விழுந்தன.

வீதாவின் நூல் தீர்ந்த இடத்தில், அந்த நுனியையும் மூன்றாவது சிட்டத்தின் நுனியையும் பிரித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எச்சில் தொட்டு உள்ளங்கையில் தேய்த்தாள். சுத்தக் கம்பளி அப்படி ஒட்டிக்கொள்ளும். அக்கா இப்படிச் செய்யும்போதெல்லாம் “கருமம், முடிச்சுப் போட்டுத் தொலையேன்” என்று முகத்தைச் சுளித்தவள் இவள்தான்.

கடைசிச் சுற்று முடிந்தது. நூலை வெட்டி, கண்ணிக்குள் இழுத்து இறுக்கக் கத்தரிக்கோலை எடுத்தபோது ஸ்தானா கையைப் பிடித்துக்கொண்டாள்.

“முடிச்சுப் போடாத.”

“ஏன்?”

“செத்தவங்க மேல முடிச்சு இருக்கக் கூடாது. எங்க பக்கம் கால் கட்டு, கைக் கட்டு எல்லாத்தையும் மூடுறதுக்கு முன்னாடி அவுத்துடுவோம். கட்டுண்டு போகக் கூடாது.”

“எங்க ஊர்ல அப்படியெல்லாம் இல்ல ஸ்தானா. முடிச்சுப் போடலேன்னா, நுனியப் பிடிச்சு ஒரு இழு இழுத்தா மொத்தமும் பிரிஞ்சுடும்.”

“யாரு இழுக்கப் போறா?”

நேஷ்கா கத்தரிக்கோலைப் பையில் போட்டுவிட்டு எழுந்தாள்.

உள்ளே குளிராக இருந்தது. ஸ்தானா தலையைத் தூக்கிப் பிடிக்க, நேஷ்கா கம்பளியை மெல்ல மாட்டினாள். தாராளமாக நுழைந்தது. கீழே இழுத்துத் தழும்பு தெரியாமல் சரிசெய்தாள், பின்கழுத்தில் சுருண்டிருந்த மயிரை வெளியே எடுத்துவிட்டாள். கீழ்ப்பகுதி ஒரு கை வேலை, மேல் விளிம்பு வேறு கை வேலை. பார்த்தால் தெரியத்தான் செய்தது. நிறம் மட்டும் ஒன்று.

கடைசிக் கண்ணியிலிருந்து நூல் நீண்டு, நேஷ்காவின் கையிலிருந்த உருண்டைக்கு வந்தது. சிட்டத்தில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. தோமாஷ் பக்கத்தில் வந்து நின்றான்.

“நூல வெட்டித் தரட்டுமாம்மா?”

“வேணாம்.”

மார்பின்மேல் கோத்து வைத்திருந்த கைகளுக்கு அடியில் உருண்டையைத் திணித்தாள். அந்த விரல்களை அதன்மேல் மடக்கி வைக்கப் பார்த்தாள், அவை மடங்கவில்லை. “இந்தா, எல்லாத்தையும் நீயே வச்சுக்கோ,” என்றாள். “காபியும் வேணாம், ஒண்ணும் வேணாம்.” ஸ்தானா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். தகடு பற்றவைக்கும் ஆள் தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்தார். பிறகு வேலையை ஆரம்பித்தார்.

மதியத்துக்குமேல் எல்லை வந்தது. முன்னால் போன கறுப்பு வண்டியின் காகிதங்களைப் பார்த்து அனுப்பிவிட்டு, சுங்கத்துக்காரன் நேஷ்காவின் கார் ஜன்னலில் குனிந்தான். சின்ன வயசுப் பையன்.

“என்னம்மா வாங்கிட்டு வரீங்க? கறி, பாலாடைக்கட்டி, சிகரெட்?”

“ஒண்ணும் இல்ல.”

“எல்லாரும் இதத்தாம்மா சொல்றாங்க. அந்த மலைக்குப் போயிட்டு வெறுங்கையோட யாரு திரும்புவா? கம்பளியாவது வாங்கியிருப்பீங்களே?”

“வாங்கினேன். எங்க அக்கா கேட்டா, குடுத்துட்டேன்.”

அவன் பக்கத்து இருக்கையை எட்டிப் பார்த்தான். வரைபடமும் ஒரு குரோஷா ஊசியும் கிடந்தன. போகலாம் என்று கையைக் காட்டினான்.