திரையில் வந்த கை

அந்த ஆளைப் போகச் சொல்லிவிட வேண்டும், போகச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், பக்கத்தில் போய் நின்று, இது கோவில் இல்லையப்பா, சினிமாக் கொட்டகை, இங்கே தேங்காயும் கற்பூரமும் விற்காதே என்று சொன்னால் முடிந்தது… ஆனால் தேவசகாயம் கொட்டகை வாசலில் மூங்கில் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நின்றபடியே இருந்தார். அந்த ஆள் சாக்கை விரித்துத் தேங்காய்களை அடுக்கிவிட்டான், கற்பூரத்தைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டிருந்தான், பிள்ளையார்பாளையத்தில் தறியை விட்டு எழுந்து வந்தவர்கள் சாயம் ஏறிய விரல்களோடு குனிந்து பொட்டலம் வாங்கிக்கொண்டு டிக்கெட்டுக்கு நின்றார்கள். நேற்று இவன் இல்லை. நேற்று ஒரே ஒருத்திதான், திரையில் ஆண்டவரின் கை வந்ததும், வீட்டிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்த கற்பூரத்தைத் திரைக்கு முன்னால் மணலில் வைத்து ஏற்றிவிட்டாள். அதற்குள் இன்றைக்குக் கடையே வந்துவிட்டது. யார் வரச் சொன்னது… கேட்பானேன், பத்மராஜ்தான், படத்தில் பாதிப் பங்கு அவனுடையது, அவனைத் தவிர யாருக்கு இந்தப் புத்தி போகும். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, இருட்டினால் ஆட்டம் ஆரம்பித்துவிடும், கூடாரத் துணியில் வெளிச்சம் ஒழுகாமல் இருக்க வேண்டும், அதற்குத்தான் காத்திருக்கிறார்கள். அதற்குள் சொல்லிவிட வேண்டும். போதகரும் அதைத்தானே சொன்னார், காலையில் வீட்டுக்கே வந்து, உட்காரக்கூட இல்லை, நின்றபடி சொன்னார். "நேத்து ஒருத்தி ஏத்தினது அறியாமை, தேவசகாயம். இன்னிக்கும் ஏத்தினா அது நீ கட்டின கோவில். படத்தை நிறுத்திடு. இல்லேன்னா ஞாயித்துக்கெழமை திருவிருந்துல அப்பம் வாங்க முன்னால வந்து நிக்காதே. சபை பாத்துக்கினு இருக்கச்சே நான் உன்னைத் தாண்டிப் போற மாதிரி வெச்சிடாதேப்பா." குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், பதிலுக்கு எதையாவது சொல்லியிருக்கலாம். மனைவி கிருபாவதி உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள், கேட்டிருப்பாள், கேட்காத மாதிரி களைந்துகொண்டே இருந்தாள்.

அவள் பேச்சைக் குறைத்து ரொம்ப நாள் ஆகிறது. எப்போதிலிருந்து… வாலாஜாபாத் வீட்டை விற்றதிலிருந்து. அவள் அப்பா அவள் பேரில் எழுதி வைத்த வீடு, பின்னால் இரண்டு மாமரம், அதை விற்றால்தான் படம் ஆரம்பிக்க முடியும் என்ற நிலை வந்தபோது அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்றார். எழுந்து வரும்போது நெஞ்சில் ஒரு சமாதானம் இறங்கியிருந்தது, எப்போதும் அப்படித்தான் இறங்கும், வெயிலில் வந்தவன் மேல் தண்ணீர் ஊற்றினது மாதிரி, அதுதான் பதில், அவருக்குத் தெரியும். கிருபாவதியும் ஜெபித்தாள். "எனக்கு ஒண்ணும் சொல்லலியே, வீடு என் பேர்லதானே இருக்குது" என்றாள். அழைப்பு யாருக்கோ அவருக்குத்தான் பதில் வரும் என்று அவர் விளக்கினார், வாத்தியார் இல்லையா, கணக்குப் பாடம் மாதிரி விளக்கினார். ஜெபித்துவிட்டேன் என்று அவர் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. யாரால் பேச முடியும், அவரோடு வழக்காடலாம், ஆண்டவரோடு வழக்காடுவதா… அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள், போட்டுவிட்டு மையைத் துடைத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

அழைப்பு உண்மைதான், அதில் சந்தேகமே இல்லை, அதில் மட்டும் சந்தேகம் வந்துவிட்டால் அப்புறம் என்ன மிச்சம். மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர் வேலை பார்த்த காலத்தில் வெள்ளைக்காரப் பாதிரி ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார், கண்ணாடித் தகட்டில் எழுதிய படங்களை விளக்கு வெளிச்சத்தில் சுவர் முழுக்கக் காட்டும் பெட்டி. தெரு முனையில் நின்று பிரசங்கம் செய்தால் ஒருத்தனும் தறியை விட்டு எழுந்து வர மாட்டான், படம் விழுந்தால் தெருவே வந்து உட்காரும், வாயைத் திறந்துகொண்டு பார்க்கும். அந்த முகங்களைப் பார்த்த அன்றைக்கே அவருக்குத் தெரிந்துவிட்டது, ஆண்டவர் தன்னைப் பலகையில் எழுதிப் போட அழைக்கவில்லை, சுவரில் காட்ட அழைத்திருக்கிறார். ஊமைப் படம் போய்ப் பேசும் படம் வந்தது, எவன் எடுத்தாலும் புராணம், ஆகாயத்தில் பறப்பதும் தலை வெட்டுப்பட்டு ஒட்டுவதும். தான் எடுப்பது அப்படி இருக்காது, ஊர் ஊராகப் போகும், முழங்கால் மடங்காத ஊரெல்லாம் மடங்கும் என்று எத்தனை நாள் ஜெபித்திருக்கிறார்… மடங்கிவிட்டதே, நேற்று மடங்கியதே, கேட்டது கிடைத்துவிட்டதே, பின்னே ஏன் சோறு இறங்கவில்லை?

"இன்னா வாத்தியாரே, வெளியவே நின்னுக்கினு இருக்கீங்க?" பத்மராஜ் வந்துவிட்டான். தாமல் பக்கத்து ஜைனக் குடும்பம், நெல் வியாபாரம், பொழுது விழுவதற்குள் சாப்பாட்டை முடித்துவிட்டு வெற்றிலையோடு வரும் மனிதன், அவனிடம் ஒளிவு மறைவு கிடையாது, அதுதான் அவனிடம் பிடிக்காததும்.

"அந்தக் கடையை நீதான் போடச் சொன்னியா?"

"நான்தான். ஜனங்க கேக்கறாங்க, வாங்கறாங்க. எனக்கு உங்க சாமியும் சாமி இல்லெ, அவங்க சாமியும் சாமி இல்லெ, நான் எதுக்கு நடுவுல நிக்கணும்? நீங்க இதைக் கேளுங்க. அடுத்த படம் அம்மன் படம். முகத்தைக் காட்டவே கூடாது. இதே மாதிரி கை, கை மட்டும். வளையல் போட்டு."

"நான் அம்மன் படம் எடுக்கறதா?"

"எடுக்க மாட்டேன்னு இப்பவே சொல்லாதீங்க, ஜெபம் பண்ணிட்டு சொல்லுங்க" என்றான் பத்மராஜ். கேலியாகச் சொல்லவில்லை. வியாபாரத்தில் எதிராளியின் வழக்கம் தெரிந்தவன் சொல்வது மாதிரி, உள்ளே வழி விட்டுக்கொண்டே சொன்னான்.

உள்ளே மணல் தரை நிறைந்திருந்தது. பெண்கள் பக்கம் பிள்ளைகளின் அழுகை, ஆண்கள் பக்கம் பீடிப் புகை, ஆபரேட்டர் விளக்கைப் போட்டதும் எல்லாம் அடங்கியது. கதை சின்னக் கதைதான், ஒரு விதவை, அவளுக்கு ஒரே மகன், மகன் செத்துப்போகிறான், ஊர்வலத்துக்கு எதிரே ஆண்டவர் வருகிறார், பாடையைத் தொடுகிறார், மகன் எழுந்து உட்காருகிறான். விதவையாக நடித்தவள் கிருஷ்ணவேணி, சின்ன காஞ்சீபுரத்தில் கோவிலுக்குப் பொட்டுக் கட்டிய குடும்பத்துப் பெண், அவள் அழுத அழுகையை மதராஸ் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு செய்த வங்காளி மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டான். அவளைத்தான் சபை பிடித்துக்கொண்டது, பரிசுத்தமான கதையில் தாசி வீட்டுப் பெண்ணா என்று. அவளை மாற்ற மாட்டேன் என்று அவர் நின்றார், நின்றது உண்மைதான், ஆனால் படம் திரையிடுகிற அன்றைக்கு அவள் வாசலில் நின்றால் போதகர் வர மாட்டார், சபையார் யாரும் வர மாட்டார்கள், அதனால் ஆள் அனுப்பி, கொட்டகைக்குள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சொல்வதற்கு முன்னால் ஜெபித்தார். சமாதானம் வந்தது. போதகர் எப்படியும் வரவில்லை.

பாடை வந்துகொண்டிருந்தது. பாலாற்று மணலில் எடுத்த காட்சி, வாலாஜாபாத்துக்குக் கிழக்கே, சாய்கிற வெயிலில். ஆண்டவரின் முகத்தை ஒரு மனிதனை வைத்துக் காட்டுவது பாவம் என்று அவருக்குப் பட்டிருந்தது, கையை மட்டும் காட்டுவது என்று முடிவு. அதற்கென்று நாடகக் கம்பெனியிலிருந்து வந்தவன் சட்டையைக் கழற்றினால் மணிக்கட்டில் வேல் பச்சை குத்தியிருந்தான், மாவு அப்பிப் பார்த்தும் மறையவில்லை, வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, படமெடுப்பவன் கத்தினான். அவர் ஒரு நாணல் புதருக்குப் பின்னால் போய் முழங்காலில் நின்றார். நின்றுவிட்டு வந்து வெள்ளை அங்கியின் கைப்பகுதியைத் தன் கையில் மாட்டிக்கொண்டார். இது நாலைந்து பேருக்குத்தான் தெரியும். இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும்… நிறுத்த வேண்டுமானால் இப்போது. அவர் சனத்தின் ஓரமாக நடந்து ஆபரேட்டர் காசிநாதனிடம் போனார்.

"நிறுத்தட்டுமா சார்?" காசிநாதன் அவர் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டான். போதகர் வந்துபோன செய்தி ஊருக்குத் தெரிந்திருக்கிறது. "நீங்க சொன்னா நிறுத்திடறேன். அல்லாரும் கத்துவாங்க, கத்தட்டும்."

தேவசகாயம் கண்ணை மூடினார். மெஷின் ஓடும் சத்தம், சூடான எண்ணெய் வாசனை, ஆண்டவரே நிறுத்தட்டுமா, நிறுத்தட்டுமா, ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் என்னைத் தாண்டிப் போவார், கிருபாவதி பார்த்துக்கொண்டிருப்பாள்… இறங்கியது. அதே குளிர்ச்சி, அதே தண்ணீர். அறியாத ஜனங்கள், கும்பிடட்டும், கும்பிட்டுக்கொண்டே வருவார்கள், கும்பிடுவதைக் கெடுக்காதே.

"ஓடட்டும்பா" என்றார்.

கை வந்தது. திரையின் ஓரத்திலிருந்து மெல்ல நீண்டு, கூடாரத்தின் பாதி அகலத்துக்கு விரிந்து, பாடையின் மேல் இறங்கியது. ஆட்காட்டி விரல் நகத்தில் ஒரு பிளவு, பள்ளிக்கூடத்து அலமாரிக் கதவில் நசுங்கியது, அவ்வளவு பெரிதாக அவர் அதைப் பார்த்ததில்லை. பெண்கள் பக்கம் முதலில் எழுந்தது, குழந்தைகளைத் தூக்கிக் கைக்கு நேராகக் காட்டினார்கள், ஒருவன் தேங்காயைக் கூடாரம் கட்டிய முளைக்கம்பியில் அடித்தான், ஒரே சமயத்தில் அங்கங்கே கற்பூரம் எரிந்தது, புகை எழும்பி மெஷின் வெளிச்சத்தில் சுருண்டது. அருவருப்பு வர வேண்டும். வந்ததா? வந்தது, ஆனால் அதற்கு முன்னால் வேறு ஒன்று வந்தது, முதுகுத்தண்டில் ஏறியது, உடம்பெல்லாம் மயிர் சிலிர்த்தது, இனிப்பாக இருந்தது… பக்கத்தில் நின்ற நெசவாளி ஒருவர், கண்ணில் தண்ணீர் வழிய, அவரை முழங்கையால் இடித்தார். "கும்பிடுய்யா, மரமாட்டம் நிக்கிறியே." கும்பிட்டார். கை தானாக எழுந்ததா, அவர் எழுப்பினாரா, திரையில் இருந்த கைக்கு நேராக அதே கையை இன்னொரு கையோடு சேர்த்து நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொண்டு நின்றார், அந்த நெசவாளி திருப்தியாகத் திரும்பிக்கொண்டார்.

மூங்கில் தட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். கூடாரத் துணிக்குப் பக்கத்தில், கட்டிய கயிறுகளுக்கு நடுவே, முக்காடு போட்டுக்கொண்டு ஒருத்தி நின்றிருந்தாள். கிருஷ்ணவேணி.

"நான் உள்ள வரலீங்க" என்றாள் அவசரமாக. "நீங்க சொல்லி அனுப்பிச்ச மாதிரிதான். வெளிய நின்னு என் கொரலைக் கேட்டுக்கினு இருந்தேன். அது தப்பில்லியே?"

துணிக்கு அந்தப் பக்கம் அவள் அழுதுகொண்டிருந்தாள், மகனைக் கட்டிக்கொண்டு, கூட்டமும் அழுதது. இந்தப் பக்கம் அவள் புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். தேவசகாயத்துக்கு ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது. "ஜெபம் பண்ணிட்டுத்தாம்மா அப்படிச் சொல்லி அனுப்பினேன்" என்றார்.

"தெரியுங்க. நீங்க கேக்காம எதுவும் செய்ய மாட்டீங்கன்னு சொல்லுவாங்க." முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "எங்கம்மாவும் கேட்டாங்க, என்னைப் படத்துக்கு அனுப்பறதுக்கு முன்னாடி. எங்க தெரு அம்மன்கிட்ட பூக் கட்டிப் போட்டு. வெள்ளைப் பூ வந்தா போலாம், செவப்பு வந்தா வேணாம். செவப்புதான் வந்துது. மறுபடி போட்டாங்க, அப்பவும் செவப்பு. எங்கம்மா பொட்டலத்தை விசிறிட்டு, அம்மனா சோறு போடுது, போடீன்னு அனுப்பிச்சாங்க. வேணாம்னு தெரிஞ்சிதான் வந்தேன் நானு." அவள் சிரித்தாள், சிரிப்பு சீக்கிரம் நின்றது. "உங்களுக்குப் பூ எல்லாம் இல்லியே. உங்க சாமி வேணாம்னு சொல்லணும்னா எப்டிங்க சொல்லும்?"

குத்திக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், அது குரலிலேயே தெரிந்தது. அவருக்கும் பதில் தெரிந்துதான் இருந்தது, எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறார், தானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார், ஒன்றை எடுத்துச் சொன்னால் போதும், இன்ன சமயத்தில் நான் இன்னது கேட்டேன், கூடாது என்று சொல்லிவிட்டார் என்று… அவர் தேடினார். இந்த வருஷம் இல்லை, இதற்கு முந்தின வருஷமும் இல்லை, பள்ளிக்கூடத்து நாட்களில் இருக்கும், கல்யாணத்துக்கு முன்னால் இருக்கும், ஒன்றாவது இருந்தாக வேண்டும், ஒரு மனுஷனுக்கு இத்தனை காலத்தில் ஒரே ஒரு தடவையாவது…

"சொல்லுவாரும்மா" என்றார்.

"எப்டி?" என்றாள் அவள்.