ஒரு வாய்க்கு முப்பது

தீயணைப்பு நிலையத்தில் அவரை ‘விழுங்கி’ என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டி ஓட்டுநர். இருபத்தாறு வருடத்தில் மணி அடித்தபோது அவர் தட்டில் சோறு மிச்சம் இருந்ததே இல்லை. உட்கார்ந்த நாலாவது நிமிடம் கை கழுவிவிடுவார்.

“அண்ணனுக்குப் பல்லு எதுக்கு? சிரிக்கவும் மாட்டாரு” என்பான் ஏணிக்காரன்.

“நெருப்பு நீ தின்னு முடிக்கிற வரைக்கும் காத்திருக்காதுடா.”

போன மாதம் கறித்துண்டு ஒன்று நெஞ்சில் சிக்கியது. மூன்றாவது முறை. எச்சில்கூட இறங்கவில்லை. மருத்துவமனையில் குழாய் விட்டு எடுத்தார்கள். சுருங்கிப்போயிருந்த உணவுக்குழாயை விரித்துவிட்ட டாக்டரம்மா சொன்னார்: “மறுபடி அடைச்சா நெஞ்சைத் திறக்கணும். அப்புறம் வண்டி ஓட்டுறதை மறந்துடுங்க. மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதி உங்க வாயில இருக்கு. ஒரு வாய்க்கு முப்பது தடவையாவது மெல்லுங்க.”

ஒரு மாத விடுப்பு. நிலையத்துக்குப் பின்னாலேயே குடியிருப்பு. சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆள் அவர். எதிர்ச்சுவர்க் கடிகாரத்தில் கண் வைத்து, எண்ணி எண்ணி மென்றார். ஒரே வாரத்தில் முப்பதையும் பத்து விநாடிக்குள் முடிக்கப் பழகிவிட்டார்.

“இதுலயும் பந்தயமா? யாரோட?” என்றாள் மனைவி.

எட்டாம் நாள் மதியம் உருளைக்கிழங்குத் துண்டு பாதியில் நின்றது. மேசையை இறுகப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது. மனைவி முதுகில் கை வைத்து நின்றாள். நிமிடம் போல நீண்ட அரை நிமிடத்துக்குப் பிறகு அது தானாக இறங்கியது.

அவள் தன் தட்டை எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தாள். கடிகாரம் அவள் தலைக்குப் பின்னால் மறைந்துபோனது.

“என்னைப் பாத்துச் சாப்பிடுங்க.”

பார்த்தார். இத்தனை வருடமும் அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் சாப்பிடுவாள். அதற்குள் அவர் வாசலைத் தாண்டியிருப்பார். அவள் சாப்பிட்டு அவர் பார்த்ததில்லை. சின்னச் சின்ன வாயாக எடுத்தாள். எல்லாவற்றையும் இடப்பக்கமே ஒதுக்கி மென்றாள்.

“ஏன் ஒரு பக்கமாவே மெல்லுற?”

“வலது பக்கம் ரெண்டு பல்லு போயிடுச்சே.”

“எப்போ?”

“ஆறு வருஷம் இருக்கும்.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையே.”

“சொன்னேங்க. நீங்க கை கழுவிட்டிருந்தீங்க.”

அவள் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குச் சுருக்கென்றது. அவள் விழுங்கும்வரை காத்திருந்து அடுத்த வாயை எடுத்தார். எண்ண மறந்துபோனார்.

அப்போது நிலையத்தில் மணி அடித்தது.

இரண்டு கால்களும் தரையை உந்தின. நாற்காலி அரை அடி பின்னால் போனது. வாயில் சோறு இருந்தது. விழுங்க ஒரு நொடி ஆகாது. மனைவி அவரைப் பார்த்தாள்.

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே அவருடைய வண்டியை வேறு யாரோ கிளப்பினார்கள். கியர் மாற்றிய விதத்திலேயே புது ஆள் என்று தெரிந்தது. சங்கொலி தெருமுனை திரும்பித் தேய்ந்து மறைந்தபோதும் அவர் அதே வாயை மென்றுகொண்டிருந்தார். பிறகு அது வலியில்லாமல் இறங்கியது.

அவர் தட்டு காலியானபோது அவள் தட்டில் இன்னும் பாதி இருந்தது. கழுவாத கை காயக் காய அப்படியே உட்கார்ந்திருந்தார்.